சிறு துணுக்குக்கும் உரியவர் உண்டு

ஒரு மடிக்கணினியும் கைக்கு அடக்கமான ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தால் வீட்டின் ஓர் அறையே இசைக்கூடமாகிவிடும் இந்நாளில், சங்கீதத்தில் நாட்டமுள்ள நம் இளைஞர்கள் பழைய படப்பாட்டிலிருந்து ஒரு வயலின் இழையையும், திருவிழாவில் கேட்ட உறுமியின் ஓர் அதிர்வையும், அயல்நாட்டார் எவரோ பதிந்து வைத்த மழைச் சப்தத்தையும் எடுத்து, ‘சாம்பிள்’ என்று அவர்கள் வழங்கும் அத்துணுக்குகளைக் கொண்டே புதிய கீதங்களை இயற்றி வருவதைக் காண மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் அவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவருடைய உழைப்பும், அவ்வுழைப்பைக் காக்கச் சட்டம் வகுத்த உரிமையும் நிற்கின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்தாம் குறைவு.

பத்து விநாடிக்குக் குறைவாக எடுத்தால் குற்றமில்லை என்றும், சுருதியையும் வேகத்தையும் மாற்றிவிட்டால் அது தமதாகிவிடும் என்றும் அவர்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இத்தனை விநாடி வரை இனாம் என்று எந்த விதியும் கிடையாது. ஓர் ஒலிப்பதிவை உள்ளடக்கிய வேறோர் ஒலிப்பதிவைச் செய்யும் உரிமை முதற் பதிவின் உடைமையாளருக்கே உரியது என்று அதன் 14-ஆம் பிரிவு கூறுகிறது. வீட்டுக்குள் சொந்தப் பயிற்சிக்காக ஒரு துணுக்கை வைத்துப் பழகுவதற்கு 52-ஆம் பிரிவு நியாயமான அளவில் இடம் தருகிறது; அதை ஊரறிய வெளியிட்ட பிறகு அந்தச் சலுகையைக் காட்டித் தப்ப முடியாது.

ஒரு பாட்டில் அடங்கியிருப்பது ஒரே உரிமை அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். சாகித்தியத்துக்கும் மெட்டுக்கும் அவற்றைச் செய்தவரின் ஆயுட்காலத்தோடு மேலும் 60 ஆண்டுகள். ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்திய ஆண்டை அடுத்து 50 ஆண்டுகள். 1950-களில் வெளிவந்து பாபநாசம் சிவனின் கீர்த்தனை ஒன்றைத் தாங்கிய ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டால், தட்டின் உரிமைக்காலம் கழிந்துவிட்டது. ஆனால் சிவன் 1973-இல் காலமானார் ஆதலால், அந்தக் கீர்த்தனையின் உரிமை 2033 முடிய உயிரோடிருக்கும். தியாகராஜரின் கிருதியிலோ நிலைமை நேர்மாறானது: கிருதி எல்லோருக்கும் பொது, சென்ற மாதம் ஒருவர் பாடி வெளியிட்ட பதிவு பொதுவன்று. பாரதியின் கவிதைகள் 1949-இல் நாட்டுடைமையானதைச் சொல்லிக்கொண்டு, அவற்றுக்குப் பிற்காலத்தார் அமைத்த மெட்டையும் செய்த பதிவையும் எடுத்தாள்வோரும் இதே பிழையைத்தான் செய்கிறார்கள்.

இதைப் பெரிய நிறுவனங்களே மறந்து இடருற்றதுண்டு. லதா மங்கேஷ்கர் பாடி, பப்பி லஹரி இசையமைத்த ஓர் இந்திப் பாடலின் பகுதியை அனுமதியின்றிச் சேர்த்து, ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் ‘அடிக்டிவ்’ பாட்டு 2002-இல் வெளியாகிப் பிரபலமடைய, லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் லஹரியின் பெயரைக் குறிக்காமல் அப்பாட்டு அடங்கிய தொகுப்பை விற்கலாகாது என்று தடை விதித்தது. நம் நாட்டிலோ, தெரிந்தே உரிமையை மீறினால் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. லாப நோக்கமில்லாத இடத்தில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது.

அப்படியானால் துணுக்குகளுக்கு எங்கே போவது? பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் போன்ற களஞ்சியங்களில் ஒவ்வொரு ஒலிக்கும் அதற்குரிய நிபந்தனை எழுதியிருக்கும்: சில எவ்வித நிபந்தனையும் அற்றவை, சில பதிந்தவர் பெயரைக் குறிக்கக் கோருபவை, சில வியாபாரத்துக்கு உதவாதவை. எடுத்த அன்றே நிபந்தனையையும் படம் பிடித்து வைத்துக்கொள்வது பின்னாளில் பெருந்துணையாகும். ‘ராயல்டி ஃப்ரீ’ என்று விலைக்கு வாங்கும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் ‘லூப்’ துணுக்குகளில் வேறோர் அபாயம் உண்டு. அதே லூப்பை வாங்கிய மற்றொருவர் தம் பாட்டை, ஒத்த ஒலிகளைத் தானே கண்டறியும் யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ ஏற்பாட்டில் சேர்த்துவிட்டால், நம் பாட்டின் மீது அவர் பெயரால் உரிமைக்கோரிக்கை வந்து விழும். அஞ்ச வேண்டியதில்லை, வாங்கிய ரசீதைக் காட்டி மறுப்புத் தெரிவித்தால், கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலானது தானே பதிவு செய்வது என்பேன். ஆயினும் அங்கேதான் மிகப் பெரிய அநியாயம் கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது. 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டில் கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த, சில விநாடிகளே நீடிக்கும் முழவொலி ஆயிரக்கணக்கான பாட்டுகளில் எடுத்தாளப்பட்டும், அதற்கென ஒரு காசும் பெறாமலே அவர் 2006-இல் வறுமையில் மறைந்தார். அத்தகைய கைகள் நம் தெருவிலும் இருக்கின்றன. வைக்கோலைக் கொளுத்தி, பறையின் தோலை அனலில் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துப் பதம் வந்த பின்னரே ஒரு கலைஞர் அதைத் தோளில் மாட்டுகிறார். ஒரு கையில் தடித்த அடிக்குச்சியும் மறு கையில் மெல்லிய சிம்புக்குச்சியுமாக அவர் எழுப்பும் அந்த நாதத்தை, பக்கத்தில் நின்ற ஒருவர் கைப்பேசியில் பிடித்துப் போய் ‘நாட்டுப்புற பீட்’ என்று பெயரிட்டு விற்றுவிடுகிறார். பாடகரையும் வாத்தியக்காரரையும் மட்டுமல்லாமல் செப்பிடுவித்தைக்காரரையும் பாம்பாட்டியையும்கூட ‘நிகழ்த்துநர்’ என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டிருக்கும் நம் சட்டம், அவர் சம்மதமின்றி அவர் நிகழ்ச்சியைப் பதிந்து வெளியிடுவதைத் தடுத்திருக்கிறது. தம் பெயரைக் குறிக்கும்படி கேட்கவும், தம் கீர்த்திக்குப் பங்கம் வரும்படி சிதைத்தால் தடுக்கவும் அவருக்கு உரிமை தந்திருக்கிறது.

ஆகவே, “அண்ணே, நீங்க வாசிக்கிறதைப் பதிவு பண்ணி என் பாட்டுல சேர்த்துக்கலாமா?” என்று முதலில் கேட்க வேண்டும், அவர் இசைந்தால் சன்மானத்தைப் பேசி, அவருக்கு விளங்கும் தமிழில் ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற்று, ஒரு பிரதியை அவரிடமே கொடுக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு, எந்தெந்த நாட்டில் என்பதைக் குறிக்கத் தவறினால், ஐந்தாண்டு என்றும் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே கொண்டுவிடும். பதிவின் தொடக்கத்திலேயே அவர் தம் பெயரையும், ஊரையும், சம்மதத்தையும் சொல்லும்படி செய்து, வெட்டாத மூலக்கோப்பைத் தேதியோடு பத்திரப்படுத்தினால், அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

நம்முடைய ஒலியைப் பிறர் அபகரித்தாலும் அந்த மூலக்கோப்பே கை கொடுக்கும். உரிமை என்பது படைத்தபோதே பிறந்துவிடுகிறது, பதிவாளரிடம் பதிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இணையத் தளத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தால், 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அது அந்தப் பதிவை முடக்க வேண்டும்; ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைப் பெற்றுக் காட்டாவிட்டால் தளம் அதைத் திரும்ப வெளியிடலாம். வழக்குத் தொடுக்க எதிராளியின் ஊருக்குப் போக வேண்டியதில்லை. வாதி வசிக்கும் அல்லது தொழில் புரியும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தடையுத்தரவும் நஷ்டஈடும் கோர 62-ஆம் பிரிவு வழி செய்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்கும் கலைஞர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்: பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் வருமானம் எதுவாயினும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு, எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்வார், 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் விவரம் கேட்கலாம்.