இலை உதிரும் மாதங்களில் கெடா மாணவர்கள்: குளிர்ந்த விடியல், குறையும் பால், கைகொடுக்கும் நட்பு

ஜனவரி பிறந்ததும் கெடாவின் ரப்பர் மரங்களில் இலைகள் மஞ்சளாகி, பிறகு சிவந்து, கொட்டத் தொடங்கும். பிப்ரவரியில் நிரை நிரையாக மரங்கள் மொட்டையாக நிற்கும். தோட்டத் துரைமார்கள் இதற்கு வைத்த பெயர் 'விண்டரிங்'. அதாவது, மரத்தின் குளிர்காலம். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது இலையுதிர் காலம். பனியும் கம்பளிச் சட்டையும் இல்லாத இந்த மாநிலத்தில், குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள இருப்பவை இந்த எட்டு, பத்து வாரங்கள்தான்.

பள்ளி திறப்பதும் இதே நேரத்தில்தான். நெடுங்காலமாக ஜனவரியில் தொடங்கிவந்த பள்ளித் தவணை, கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு மார்ச் மாதத்திற்குத் தள்ளிப்போனது. 2025இல் பிப்ரவரிக்கு வந்தது. 2026இல் மீண்டும் ஜனவரிக்கே திரும்பியது. ஆக, புதிய வகுப்பும் புதிய நண்பர்களும் கிடைக்கும் மாதமும், ரப்பரை நம்பியுள்ள வீட்டில் கைச்செலவு இறுகும் மாதமும் பழையபடி ஒன்றாகிவிட்டன. கெடாவின் தோட்டப்புற மாணவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தப் பொருத்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

விடியலில் குளிர் ஏன்?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் அது கொட்டும் மழையே வெள்ளத்திற்குக் காரணம். தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டி மேற்கே வரும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. அதனால் ஆண்டு தொடங்கியதும் கெடாவிலும் பெர்லிசிலும் வறட்சி தலைகாட்டும்.

மேகமில்லாத இரவில் தரையின் சூடு தடையின்றி வானுக்குப் போய்விடும். விடிகாலையில் 22, 23 பாகை செல்சியஸ்வரை இறங்கும் வெப்பநிலை, பிற்பகலில் 33 பாகையைத் தொடும். காலையில் உடல் நடுங்கும். மதியம் சட்டை நனையும். பீடோங், குருண், மெர்போக் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் இடுப்பில் மூடுபனி தங்கியிருப்பது காலை நேரத்தில் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாதங்களில் சூரியன் தாமதமாகவே எழுகிறது. ஜனவரி பிற்பகுதியில் கெடாவில் சூரிய உதயம் ஏறக்குறைய காலை 7.30 மணிக்கு. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு இணைக்கப்பட்டது. அதன் விளைவாக, தோட்டத்திலிருந்து பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் பேருந்தில் போகும் மாணவர் இருட்டிலேயே புறப்பட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் சாலை முனையில் ஒருவரையொருவர் ஒட்டி நின்று, ஒரே போத்தல் மைலோவை மாற்றி மாற்றிக் குடித்தபடி பேருந்துக்குக் காத்திருப்பது பலருக்கு அன்றைய நாளின் முதல் மகிழ்ச்சி. வகுப்பில் வேறு வேறு இடத்தில் உட்காருகிறவர்கள்கூடப் பேருந்து நிற்கும் இடத்தில் ஒரே கூட்டம்.

மரத்துக்கு ஓய்வு, வீட்டுக்கு நெருக்கடி

ரப்பர் மரம் அமேசான் காட்டைச் சேர்ந்தது. 1876இல் அதன் விதைகள் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கு முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. வளர்ந்த மரம் ஆண்டுக்கு ஒருமுறை இலை முழுவதையும் உதிர்க்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது. வறட்சி தெளிவாக இருக்கும் வடமாநிலங்களில் மரங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உதிர்க்கும். ஆண்டு முழுதும் மழை பெறும் தெற்கே அது இவ்வளவு சீராக நடப்பதில்லை. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களிலும் இதே காட்சியைக் காணலாம்.

இலைதான் மரத்தின் சமையலறை. இலை செய்யும் சர்க்கரையிலிருந்தே பால் உருவாகிறது. இலை கொட்டிப்போனால் சமையல் நின்றுவிடும். அடுத்துத் தளிர்விடும்போது, மரம் சேமித்துவைத்த உணவையெல்லாம் புதிய இலைக்கே செலவிடும். அதனால் மங்கில் பால் குறையும். தளிர் முற்றும்வரை மரத்துக்கு ஓய்வு கொடுத்து வெட்டை நிறுத்திவைப்பதும் வழக்கம்.

இதற்கு முந்தைய அக்டோபர், நவம்பர் மாதங்களிலோ கெடாவில் மழை அதிகம். பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. ஆக, மழையில் வெட்டு நாள்களை இழந்த குடும்பம், மழை விட்டதும் பாலை இழக்கிறது. பாலிங், சிக் வட்டாரங்களின் சிறுதோட்டக்காரர்களுக்கு வருமானம் நேரடியாகவே குறையும். பெருந்தோட்டத்தில் கூலிக்கு வெட்டுவோருக்கும், பால் அளவைப் பொறுத்துக் கிடைக்கும் மேல்வரும்படி சுருங்கும்.

பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப்பை, பேருந்துக் கட்டணம் ஆகியவை வந்து நிற்பது இந்த நேரத்தில்தான். 2023 முதல் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் மாணவர்களுக்கு வழங்கப்பட்டுவரும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவிநிதியும், தொடக்கப்பள்ளிகளில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கான இலவசக் கூடுதல் உணவுத் திட்டமும் இந்த இடைவெளியில் ஓரளவு தோள்கொடுக்கின்றன.

காசு கேட்காத விளையாட்டுகள்

வீட்டில் காசு குறையும் இந்தப் பருவத்தில், காசில்லாத விளையாட்டுகளுக்குக் குறைவில்லை. காய்ந்த இலை கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும் நிரைகளுக்கு நடுவே சத்தம் கேட்காமல் நடப்பதே ஒரு போட்டி. சருகு மெத்தையில் விழுந்து புரண்டால் அடிபடாது. கண்ணாமூச்சி ஆடுகிறவரைச் சருகுச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

ரப்பர் விதை தனிச் செல்வம். பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும் மரத்தில் காய் முற்ற ஏறக்குறைய ஐந்து மாதமாகும். பிறகு வெயிலில் 'பட்'டென்று வெடித்து விதையைத் தூர எறியும். அப்போது பொறுக்கிச் சேர்த்த விதைகள்தாம் பள்ளி திறந்ததும் பையில் வரும். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து உள்ளங்கையால் அடித்து, யாருடையது உடைகிறது என்று பார்ப்பது ஓர் ஆட்டம். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைப்பது இன்னொன்று. அந்தச் சூட்டை வாங்காமல் தோட்டப்பள்ளியில் படித்து முடித்தவர்கள் சிலரே. பல்லாங்குழிக்கும் இதே விதைதான். பச்சையான விதைப்பருப்பில் நச்சுத்தன்மை உண்டு என்பதால், வாயில் வைக்கக்கூடாது என்று தாத்தா பாட்டிமார் எச்சரித்ததும் சரியானதே.

பொறுமையுள்ளவர்களுக்கு இலையே கலைப்பொருள். ரப்பர் இலையைச் சில வாரங்கள் தண்ணீரில் ஊறவிட்டால் சதை அழுகி, நரம்பு வலை மட்டும் மிஞ்சும். மென்மையான பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்து காயவைத்து, சாயம் ஏற்றினால் புத்தகத்தில் வைக்கும் அடையாள இலையாகிவிடும். பிறந்தநாள் பரிசு வாங்கக் காசில்லாத தோழிக்கு இது போதுமான பரிசு.

வடக்கே நெல்வயல் பக்கம் போனால், அறுவடை முடிந்த காய்ந்த வயலில் பட்டம் பறக்கும். மலாய், தமிழ், சீனப் பிள்ளைகள் ஒரே காற்றுக்கு நூலை விடும் இடம் அது.

ஒரு பழக்கம் மட்டும் மறைந்திருக்கிறது, மறைந்ததும் நல்லதே. அந்நாளில் சருகைக் குவித்துக் கொளுத்திக் குளிர்காய்வது உண்டு. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். வறண்ட மாதத்தில் ஒரு தீக்குச்சி நிரை முழுவதையும் பற்றவைத்துவிடும்.

சிறிய பள்ளி, நெருங்கிய நட்பு

கெடாவில் 50க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஹார்வார்ட், ஹென்ரியட்டா, விக்டோரியா, பாடெனோக் என்று பலவற்றின் பெயரில் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்த வகைதான். மாணவர் எண்ணிக்கை மிகவும் குறைந்தால் இரண்டு ஆண்டுகளை இணைத்து ஒரே வகுப்பாக நடத்துவார்கள்.

இதில் கல்விச் சிரமங்கள் உண்டு. ஆனால் நட்புக்கு அது வேறொரு கணக்கு. வகுப்பில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரும் நண்பர்கள்தாம். ஒதுக்கிவைக்க ஆள் இல்லை. நான்காம் ஆண்டுப் பெண் மூன்றாம் ஆண்டுத் தம்பிக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுப்பாள். அண்ணன் போட்ட சீருடை, பக்கத்து வீட்டுப் பையனுக்கு இறங்கும். யார் வீட்டில் அன்று சமைக்கவில்லை என்பது மற்றவர்களுக்குக் கேட்காமலே தெரிந்துவிடும். நாசி லெமாக் பொட்டலம் பேச்சில்லாமல் இரண்டாகும். இப்படிப் பகிர்வதில் கொடுப்பவருக்குப் பெருமையும் இல்லை, வாங்குபவருக்குக் கூச்சமும் இல்லை. அடுத்த வாரம் முறை மாறும் என்பது இருவருக்கும் தெரியும்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் இந்தக் கூட்டம் உடைகிறது. சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பாலிங் என்று வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிள்ளைகள் பிரிந்துபோகிறார்கள். சிலர் நேராகப் படிவம் ஒன்றுக்கும், சிலர் புகுமுக வகுப்புக்கும் போகிறார்கள். எட்டுப் பேர் வகுப்பிலிருந்து வந்த பிள்ளை, முப்பத்தைந்து பேர் வகுப்பில் வேறு மொழிச் சூழலில் உட்காரும் முதல் சில வாரங்கள் கடினமானவை. பள்ளியை விட்டு விலகும் எண்ணம் பல பிள்ளைகளுக்கு முளைப்பது பாடம் புரியாததால் மட்டுமல்ல; பேச ஆளில்லாத தனிமையாலும்தான். அந்த நேரத்தில் அதே தோட்டத்திலிருந்து வந்த ஒரே ஒரு நண்பர் பக்கத்தில் இருந்தால், பிள்ளை மறுநாளும் பேருந்தில் ஏறிவிடும்.

பொங்கல், பூசம், திருவிழா

ஜனவரி நடுவில் பொங்கல் வருகிறது. பள்ளித் திடலில் பானை வைத்து, மாணவர்களே கரும்பு கட்டிக் கோலமிடும் நாள், புதிதாகச் சேர்ந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி தங்களுடையது என்ற உணர்வைத் தருகிறது. தொடர்ந்து தைப்பூசம். கெடாவிலிருந்து பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். பங்குனி, சித்திரை வாக்கில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்கள் வரும். வெவ்வேறு பள்ளிக்குப் பிரிந்துபோன பழைய வகுப்பு மீண்டும் ஒன்றுசேர்வது பெரும்பாலும் அந்தத் திருவிழா இரவில்தான்.

இந்தக் குளிர் நீடிப்பதில்லை. மார்ச்சில் வெயில் ஏறும். 2016 மார்ச்சில் வெப்பம் 37 பாகையைத் தாண்டியபோது பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகள் மூடப்பட்டன. காலையில் குளிர்கிறது என்று தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் பிள்ளையை அனுப்பினால், மதியம் தலைவலியோடு திரும்பும். விளையாட்டுப் பயிற்சியைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

மரம் மாறினால் பருவமும் மாறும்

பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனை ஆண்டு முழுதும் பச்சை. ஒரே காலத்தில் மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. இன்னும் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தாமானிலும் அடுக்குமாடியிலும் வளரும் பிள்ளைக்கு ஜனவரிக் குளிர் தெரியும். அந்தக் குளிரோடு வந்த சருகும் விதையும் தெரியாது. ஒட்டியிருந்த லயங்களில் கேட்காமலே தெரிந்த பசி, கதவு மூடிய வீடுகளில் கேட்டால்தான் தெரியும்.

ஆகவே முன்பு தானாக நடந்ததை இப்போது யாராவது தொடங்கிவைக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பெரிய செலவில்லை. சிறுத்துப்போன சீருடைகளைத் துவைத்து மடித்து, பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளப் பள்ளியில் ஓர் அலமாரி வைக்கலாம். ஒரே தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் இரண்டு பேரையாவது ஒரே வகுப்பில் போடும்படி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் இடைநிலைப்பள்ளியிடம் பள்ளி திறப்பதற்கு முன்பே கேட்கலாம். மூன்றாம் படிவ அக்காவோ அண்ணனோ முதல் இரண்டு வாரம் புதியவர்களோடு பேருந்தில் உட்காரலாம். இலை நரம்பு அடையாளம் செய்வதைக் கலைப்பாடத்தில் ஒரு நாள் கற்றுக்கொடுக்கலாம்.

ஏப்ரலுக்குள் மரங்களில் செம்பு நிறத் தளிர் பச்சையாகி, பால் மெல்லக் கூடத் தொடங்கும். வீட்டுக் கணக்கு ஓரளவு சீராகும். அதுவரையிலான வாரங்களைப் பிள்ளைகள் தாண்டுவது பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை நம்பித்தான். வகுப்பில் யார் யாரோடு உட்காருகிறார், யார் தனியாகச் சாப்பிடுகிறார் என்பதைப் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே பெற்றோரும் ஆசிரியரும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.