தறிக்குழியில் தண்ணீர் ஏறும் முன்...

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே ஆரணி நெசவாளர் வீடுகளில் இரண்டு கவலைகள். தை முகூர்த்தத்துக்கான பட்டுச் சேலைகள் தறியில் ஏறியிருக்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் கொட்டும். தெருவில் பாவு விரிக்க முடியாது, கஞ்சி போட்ட பாவு காயாது. இதையெல்லாம் நெசவாளர்கள் சமாளித்துவிடுவார்கள். சமாளிக்க முடியாதது, நடுராத்திரியில் தறிக்குழிக்குள் ஏறும் தண்ணீர்தான்.

வாசலில் மணல் மூட்டை போட்டால் தெருத் தண்ணீர் உள்ளே வராது. ஆனால், குழியில் தண்ணீர் கீழேயிருந்து ஊறும். நிலத்தடி நீர் உயர்ந்தால், கூரை ஒழுகாத வீட்டிலும் மிதிகட்டை மூழ்கிவிடும்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் திருவண்ணாமலையில் மறுநாள் மண் சரிந்து ஏழு உயிர்கள் பறிபோயின. புயல் கடற்கரைக்காரர்களின் கவலை மட்டுமே என்று இந்த மாவட்டத்தில் இனி யாரும் நினைக்க முடியாது.

வீடுதான் தொழிற்கூடம்

ஆரணி பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால், அந்தப் பட்டு பெரும்பாலும் நெய்யப்படுவது ஆலைகளில் அல்ல. ஆரணியிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு போன்ற ஊர்களிலும் உள்ள வீட்டுக் கூடங்களில்.

தீயணைப்பு ஏற்பாடு, முதலுதவிப் பெட்டி, அவசர வழி எல்லாவற்றையும் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயமாக்கியது. மின்சாரம் இருந்தால் 10 தொழிலாளர்கள், இல்லாவிட்டால் 20 பேர் என்பது அதன் கணக்காக இருந்தது. கணவனும் மனைவியும் நெய்யும் கூடம் அந்தக் கணக்கில் வராது. அங்கே ஆய்வாளரும் வீட்டுக்காரர்கள்தான், பாதுகாப்பு அதிகாரியும் வீட்டுக்காரர்கள்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூலிக்கு நெய்பவருக்குத் தறியில் இருக்கும் பட்டும் ஜரிகையும் சொந்தமில்லை. அவை கூட்டுறவுச் சங்கத்துடையவை அல்லது முதலாளியுடையவை. பாவு நனைந்து சாயம் இறங்கினால் பல வாரக் கூலியோடு, கொடுத்தவருக்குப் பதில் சொல்லும் கவலையும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பதற்றத்தில் பலரும் முதலில் பாவைக் காப்பாற்ற ஓடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் மெயின், பிறகுதான் பாவு

குழிக்குள் தண்ணீர், மேலே விளக்கும், ஜக்கார்டுக்குப் பொருத்திய மோட்டாரும். ஈரக் காலோடு குழியில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. மெயின் சுவிட்ச்சை அணைத்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். மெயின் போர்டே நனைந்திருந்தால் அதன் அருகில் போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்கு அழைக்கலாம். மின்கசிவு ஏற்பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி கருவியை மழைக்கு முன்பே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திவிடுவது நல்லது.

எதை முதலில் மேலே ஏற்றுவது என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். நெய்து முடித்த சேலை, ஜரிகைக் கட்டு, பட்டு நூல், ஜக்கார்டு அட்டை, நெசவாளர் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் பரணில் ஓர் இடத்தை ஒதுக்கிவைக்கலாம். தறியில் இருக்கும் பாவை மூடும் அளவுக்குப் பாலித்தீன் தாளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் வடிந்ததும் உடனே காலை விட்டுவிடக் கூடாது. குழிக்குள் பாம்போ தேளோ ஒதுங்கியிருக்கலாம். டார்ச் அடித்து, கம்பால் தட்டிப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவதும் வேண்டாம், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தீயும் சாயமும்

அசல் பட்டு அவ்வளவு எளிதில் கொழுந்துவிட்டு எரியாது. முடி கருகும் வாடையோடு பொசுங்கும். ஆனால் தறியின் மரம், ஜக்கார்டு அட்டை, பருத்தி நூல் எல்லாம் தீக்கு விருந்து. சாமி விளக்கு தறிக்கூடத்திலிருந்து தள்ளியிருக்க வேண்டும். மின்சாரத்தால் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு உலர்ந்த மணலைக் கொட்டலாம், ஏ.பி.சி வகைத் தீயணைப்பான் இருந்தால் இன்னும் நல்லது. தீ கைமீறினால் பட்டை மறந்துவிட்டு வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டும்.

சாயப் பட்டறைகளில் நிறம் எடுக்கப் பயன்படும் ஹைட்ரோஸ் பொடி, ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. அதை இறுக மூடி, உயரமான உலர்ந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். கொதிக்கும் சாயத்தண்ணீர் மேலே பட்டால் மஞ்சளோ பற்பசையோ பூச வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் போவதே சரி.

பத்து நிமிட ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் மொத்தமும் கூடத்தில் கூடட்டும். மெயினை அணைப்பது யார், பாட்டியையும் குழந்தைகளையும் வெளியே அழைத்துப் போவது யார், எந்த வீட்டில் போய்ச் சேருவது என்று பேசி, ஒருமுறை செய்தும் பாருங்கள். 108, 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களைத் தறிக்கு எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் வழங்கும் பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா என்றும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நனைந்த பாவுக்குப் பதில் வேறொரு பாவு ஏற்றிக்கொள்ளலாம். அதை நெய்ய ஆள் வேண்டுமே!