ஒளி வந்த பாதை – 9: சூடு குறைந்தது, நிறம் நிலைக்கட்டும்

சென்ற வாரம் பார்த்த ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ படப்பிடிப்புக்கென்றே இருந்த இடம். தமிழரான இயக்குநர் எல். கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் நடிகர் பி. ராம்லியைக் கதாநாயகனாக்கியது ஷா சகோதரர்களின் அந்த ஸ்டூடியோவுக்காகத்தான். 1967இல் அது மூடப்பட்டது. இன்று சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகள் பெரும்பாலும் வீவக வீட்டுக் கூடத்திலும், தேக்கா வட்டாரக் கடைவீடுகளிலும் நடக்கின்றன. அங்கே ஒளிப்பதிவாளருக்கு எல்லை வகுப்பது வீட்டுச் சுவரில் உள்ள மின்செருகுவாய்.

அந்தச் செருகுவாய் 13 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் கணக்கிட்டால் 3,000 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் வாட் டங்ஸ்டன் விளக்கு மூன்றை மாட்டினாலே எல்லை தாண்டிவிடும். அந்த விளக்குகள் உண்ணும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாவதில்லை, மற்றதெல்லாம் வெப்பம். வசனத்தை நேரடியாகப் பதிவு செய்யும்போது இரைச்சலுக்குப் பயந்து ஏர்கானையும் மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். சன்னல்கள் கறுப்புத் துணியால் மூடியிருக்கும். நடிகரின் ஒப்பனை வழியும். விளக்கைத் தாங்கி நிற்பவரின் கை காய்ந்துபோகும்.

எல்.இ.டி. இந்த நிலையை மாற்றியது. 2015இல் வந்த ஆரி நிறுவனத்தின் ஸ்கைபேனல் எஸ்60 சுமார் 400 வாட்டில் 2,000 வாட் டங்ஸ்டன் மென்விளக்கின் வேலையைச் செய்கிறது. கேமராவும் கைகொடுத்தது. 'ப்ரியா' என்ற தமிழ்த் திரைப்படம் சிங்கப்பூரில் படமான 1970களில் பரவலாக இருந்த ஈஸ்ட்மன்கலர் ஃபிலிமின் உணர்திறன் 100. 2010இல் வந்த ஆரி அலெக்ஸாவுக்கு 800. அதாவது, எட்டில் ஒரு பங்கு வெளிச்சமே போதும்.

ஏர்கான் ஓடும் ஸ்டூடியோவில் எல்.இ.டி.யால் வரும் மிச்சம் இன்னும் கூடுதல். 10 கிலோவாட் டங்ஸ்டன் விளக்குகள் பத்து மணி நேரம் எரிந்தால் 100 யூனிட். அத்தனையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் தங்கும். மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்ற ஏர்கானுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் தேவை என்று கொண்டால், மேலும் 33 யூனிட். ஆண்டு முழுவதும் வெயில் காயும் ஊரில் விளக்குக்கு ஒரு முறை, அதன் சூட்டுக்கு மறுமுறை என இரண்டு தடவை பணம் கட்டுகிறோம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், குறையும் ஒவ்வொரு யூனிட்டும் குறையும் புகை.

ஆனால் வாட்டை மட்டும் பார்த்து விளக்கு எடுப்பது நமக்கு ஆபத்து. வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல எல்.இ.டி. 2014இல் இயற்பியல் நோபல் பெற்ற கண்டுபிடிப்பு. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் அதன் ஒளியை வெண்மையாக்குகிறது. மலிவான விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு குறைந்துவிடும். மாநிற முகத்துக்கு உயிர் தருவது அந்தச் சிவப்புதான். அது இல்லாவிட்டால் முகம் சாம்பல் பூத்து, பச்சை தட்டித் தெரியும். நிறத்துல்லியத்தைச் சொல்வதாகப் பெட்டியில் அச்சிடும் சி.ஆர்.ஐ. எண்ணை நம்பிவிட முடியாது. அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பைச் சொல்லும் ஆர்9 அந்தக் கணக்கிலேயே சேராது. கேமராவின் பார்வையை வைத்து ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2012இல் தந்த டி.எல்.சி.ஐ. அளவீடு இதைவிட உதவும்.

ஆகவே வாடகைக்கு எடுக்குமுன் ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள். வெள்ளை அட்டையில் சோதிக்காமல், நடிக்கப்போகிறவரின் முகத்திலேயே ஒளி பாய்ச்சி மானிட்டரில் பாருங்கள். வசந்தம் தொலைக்காட்சியைப் போடும் குடும்பம் தன் முகத்தைத் தன் நிறத்திலேயே காண வேண்டும். அதைக் கெடுத்து மிச்சப்படுத்தும் மின்சாரம் சிக்கனமாகாது.

அடுத்த வாரம்: சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டு கேமராவில் ஏன் சிமிட்டுகிறது, அதை நிறுத்துவது எப்படி?

(தொடரும்)