கடவும் கண்ணாடியும்

என் பாட்டி ஆற்றுக் கடவுக்கு, அதாவது படித்துறைக்கு, குளிக்கப் போகும்போது தோளில் துவர்த்துத் துண்டு கிடக்கும், கையில் சிரட்டை இருக்கும். சிரட்டையில் எண்ணெய், வாழையிலைத் துண்டில் பயற்றமாவு. உடம்பு தேய்க்கும் இஞ்சைப் பட்டை கடவுக் கல்லின் இடுக்கிலேயே செருகிக் கிடக்கும். அது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஆறான நெய்யாறு கடலில் சேர்கிற பொழிமுகம் பூவாரில்தான் இருக்கிறது. ஆற்றுவாயை அடைக்கும் மணல்திட்டான பொழி முறிந்த நாட்களில் கீழ்க்கடவுத் தண்ணீர் கரிக்கும். அன்றைக்குக் கிணற்றடி.

இன்று அதே வீட்டுக் குளியலறையில், கண்ணாடிக்குக் கீழே, என் தங்கை மகளின் எட்டு புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. டோனர், சீரம் இரண்டு, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இன்னும் என்னென்னவோ. எட்டும் முகத்துக்கு மட்டும். கழுத்துக்குக் கீழே இருக்கிற உடம்புக்கு ஒரு சோப்புக்கட்டி. பாட்டிக்கு முகம் என்பது உடம்பின் ஒரு பகுதி. எண்ணெய் உச்சந்தலையில் தொடங்கிக் குதிகாலில் முடியும், முகத்துக்கென்று தனிக் கணக்கு கிடையாது. ஐம்பது வருடத்தில் எத்தனையோ மாறியிருக்கிறது. எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்தச் சுருக்கம்தான்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எங்கள் எல்லைக் கிராமங்களை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாட்டோடு போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்களைப் போன்ற வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம். எண்ணெய்க் குளியும் மலையாளக் கணக்குத்தான். தமிழ்நாட்டில் பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி என்று வைத்திருந்ததை நாங்கள் தினமும் செய்தோம். நோய்களுக்குக்கூட இரண்டு பெயர். கன்னத்தில் படரும் கருமையைத் தமிழில் மங்கு என்போம். பக்கத்து வீட்டு மலையாளத்தில் அது கரிமாங்கல்யம். தேமலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் சுணங்கு. அந்தச் சொல் சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி அழகாகப் பேசப்படுவது. ஒரே சொல், அந்தக் காலத்தில் அழகு, இங்கே படை. சருமத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பாட்டியின் கடவுக்குத் திரும்புவோம். இஞ்சைப் பட்டையைக் கல்லில் தட்டினால் நாராகப் பிரியும். தண்ணீர் பட்டால் நுரைக்கும். அதிலுள்ள சப்போனின் அழுக்கை எடுக்கும், நார் தேய்க்கும். தலைக்குச் செம்பருத்தி இலை பிசைந்த தாளி. பிறந்த குழந்தைக்கு மட்டும் வெந்த எண்ணெய்: தேங்காய்ப்பாலை உருளியில் மணிக்கணக்காகக் கிண்டி, எண்ணெய் பிரிந்ததும் வடித்து எடுப்பது. அடியில் தங்கும் பொன்னிறக் கசடில் சர்க்கரை போட்டுத் தின்ன மூத்த பிள்ளைகளுக்குள் சண்டை நடக்கும். இன்று அந்த எண்ணெய் ‘விர்ஜின்’ என்ற பெயரோடு கண்ணாடிப் புட்டியில் வருகிறது. கசடு எங்கே போகிறதோ.

பிறகு சோப்பு வந்தது. இரிஞ்ஞாலக்குடாவில் 1940-இல் பிறந்த சந்திரிகாவும், சென்னையில் 1969-இல் ஒரு ரயில்வே மருத்துவர் தொடங்கிய மெடிமிக்ஸும் எங்கள் கடவுகளில் நுரைத்தன. குளித்து வந்தால் குட்டிக்கூரா பவுடர். சோப்பின் கார-அமில அளவு (pH) 9, 10 என்று இருக்கும். சருமம் விரும்புவது 5-ஐ ஒட்டி. எண்ணெய் தேய்த்துவிட்டுச் சோப்புப் போட்ட தலைமுறைக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. எண்ணெய் நின்று சோப்பு மட்டும் மிஞ்சியபோதுதான் காலில் வெள்ளை பூத்தது.

இப்போது பரவும் புது வழக்கங்களில் பாதியைப் பாட்டி பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். ‘டபுள் கிளென்சிங்’ என்றால் முதலில் எண்ணெயால் துடைத்து, பிறகு மென்மையான கழுவியால் கழுவுவது. எண்ணெயும் பயற்றமாவும்தான், வேறென்ன? ‘ஸ்லக்கிங்’ என்றால் இரவில் முகத்தில் வாசலின் பூசி ஈரத்தைப் பூட்டுவது. வாசலினுக்கு 1872-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். கொரியாவிலிருந்து வரும் அரிசித் தண்ணீர் டோனரைப் பற்றி, தினமும் கஞ்சிவெள்ளம் வடிக்கும் ஊரில் நான் அதிகம் பேசப் போவதில்லை.

ஆனால் பழையதெல்லாம் பொன் என்று சொல்கிறவன் நானில்லை. தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்டத்தட்ட லாரிக் அமிலம். வறண்ட சருமத்துக்கும், கரப்பான் வரும் குழந்தைகளுக்கும் அது நன்மை செய்கிறது. முகப்பரு உள்ளவருக்குத் துளையை அடைக்கும். தேமலை உண்டாக்கும் பூஞ்சைக்கோ இப்படிப்பட்ட கொழுப்பே சாப்பாடு. பூவார்க் காற்றின் ஈரத்தில் முதுகில் தேமலோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பூஞ்சைக்குப் பந்தி வைத்தவர்கள். அதனால் முகம் எண்ணெய் வழிகிற பிள்ளைகள் செராமைடு சேர்ந்த எடையில்லாத மாய்ஸ்சரைசர் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கஸ்தூரி மஞ்சளிலும் ஏமாந்திருக்கிறோம். சந்தையில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் கிடைப்பது பெரும்பாலும் மஞ்சக்கூவை. அசல் கஸ்தூரி மஞ்சளின் கிழங்கு வெளிறியிருக்கும், கற்பூரம் போல மணக்கும், துணியில் அவ்வளவாகக் கறை ஏற்றாது. பூசியதும் முகம் மஞ்சளானால் சந்தேகப்படுங்கள்.

புது வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பாகுசியோல். ரெட்டினால் எரிச்சல் தருகிறது என்பவர்களுக்கு அதற்குப் பதிலாகச் சொல்லப்படுவது. பெயரைக் கேட்டால் வெளிநாட்டுச் சரக்கு போல இருக்கும்; உள்ளே இருப்பது நலங்குமாவில் அரைத்துச் சேர்க்கும் கார்போகரிசி. இந்திய வேதியியலாளர்கள் 1966-இல் அந்த விதையிலிருந்து இதைப் பிரித்து, பாகுசி என்ற சமஸ்கிருதப் பெயரையே வைத்தார்கள். 2019-இல் 44 பேரிடம் 12 வாரம் நடந்த ஒப்பீட்டில், சுருக்கத்தையும் கருமையையும் குறைப்பதில் அது ரெட்டினாலுக்கு இணையாக நின்றது, எரிச்சல் குறைவு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஆய்வு. இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி விதையை வாங்கி அரைத்துப் பூசிவிடாதீர்கள். விதையில் சோரலென் என்ற பொருளும் உண்டு. வெண்புள்ளிக்கு அந்த விதையைக் கொடுத்து வெயிலில் நிற்கச் சொன்ன பழைய வைத்தியம் அதன் வேலையை அறிந்துதான் செய்தது. அதைப் பூசிக்கொண்டு உச்சி வெயிலில் நடந்தால் தோல் வெந்துபோகும். சுத்திகரித்த பாகுசியோலில் அந்தத் தொல்லை இல்லை. புட்டிக்காகக் கொடுக்கும் காசு நியாயமாகிற ஒரு இடம் இது.

இன்னொன்று நியாசினமைடு. இன்று ஆளாளுக்கு வாங்கும் இந்தச் சீரம் வைட்டமின் பி3-தான். நிறமியை மேல்தோல் செல்களுக்குக் கொண்டு செல்வதைத் தடுத்துக் கருந்திட்டை மங்கச் செய்யும், எண்ணெய்ப் பசையையும் குறைக்கும். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியிலும் இதே பொருள்தான் வேலை செய்தது. 2020-இல் அந்தக் களிம்பின் பெயரில் ‘ஃபேர்’ போய் ‘குளோ’ வந்தது. வெள்ளையாக வேண்டும் என்று சொல்லக் கூச்சப்படுகிற காலத்துக்கு ‘கிளாஸ் ஸ்கின்’, ‘பிரைட்டனிங்’ என்று புதுச் சொற்கள் கிடைத்திருக்கின்றன. பெண் பார்க்க வருகிறவர்கள் மட்டும் இன்னும் பழைய சொல்லில்தான் கேட்கிறார்கள். நியாசினமைடு நான்கைந்து சதவீதம் போதும். பத்து சதவீதம் வாங்கி முகம் சிவந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வெள்ளை ஆசைதான் இங்கே ஆளை விழுங்கும் இடமும். முகவரி இல்லாத, தேதி இல்லாத களிம்பு டப்பாக்கள் கடைத்தெருக்களில் கிடைக்கின்றன. ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கலில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை ஒரு அரிய வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களைக் கவனித்தபோது, 15 பேரில் 13 பேர் இப்படிப்பட்ட களிம்பு பூசியவர்கள். களிம்பில் பாதரசம். கேரளத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று சோதனையில் இறங்கியது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னொரு பக்கம்: 2018-இல் இத்தகைய 14 மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயமானது. அதற்கு முன்பே பூசிப் பழகிய கன்னங்களில் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, நிறுத்தினால் எரிகிறது. சிரட்டை எண்ணெய் யாருடைய சிறுநீரகத்தையும் கெடுக்கவில்லை.

பாட்டியிடம் இல்லாத ஒன்று சன்ஸ்கிரீன். புதியவற்றில் ஒன்றே ஒன்று எடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். எட்டு டிகிரி அட்சரேகையில், கடல் மினுங்கும் ஊரில், தலையில் துவர்த்து கட்டுவதுதான் நமக்குத் தெரிந்த ஒரே காப்பு. இப்போது கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மழை எச்சரிக்கை போல புற ஊதாக் கதிர்க் குறியீட்டையும் வெளியிடுகிறது. எஸ்பிஎஃப் 30 எரிக்கும் கதிரில் 97 சதவீதம் வரை தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காகச் சண்டை வேண்டாம். இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசினால்தான் அந்தக் கணக்கும் பலிக்கும். கடுகளவு தொட்டுப் பூசுவது பொட்டு வைக்கிற மாதிரி. வெளியில் நின்றால் இரண்டு மணிக்கொரு தரம். கரிமாங்கல்யம் உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே நம் நிறத்துத் தோலில் கருமை ஏற்றும் என்பதால், அயர்ன் ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. வெள்ளைப் பூச்சாகத் தெரியும் என்ற வருத்தமும் அதில் இல்லை.

பழைய எண்ணெயும் புதுப்பெயரில் திரும்பி வருகிறது. பொழிமுகத்து ரிசார்ட்டுகளில் வெளிநாட்டார் மணிக்கணக்கில் காசு கொடுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள். அத்தி, இத்தி, அரசு, ஆல் என்ற நாலு பட்டைகள் சேர்ந்த நால்பாமர எண்ணெய், ‘டி-டான்’ என்ற புதுப்பெயரில் இணையத்தில் விற்கிறது. அதைச் சொறிக்குப் பூசிய அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை.

போன மாதம் ஒரு காலை, பாறசாலைக்குக் கிளம்பிய அம்மாவைத் தங்கை மகள் பிடித்து உட்காரவைத்து முகத்தில் சன்ஸ்கிரீன் பூசினாள். அம்மா மோந்து பார்த்தாள். “மணமே இல்ல. இது எண்ணெயாக்கும்?” என்றாள். முகம் முடிந்ததும் பிள்ளையின் கையிலிருந்து டியூபை வாங்கி, பாதியைப் பிதுக்கி இரண்டு முழங்கையிலும், புறங்கையிலும், கணுக்கால் வரையும் தேய்க்கத் தொடங்கினாள்.

“பாட்டி, அது அறுநூறு ரூபா. முகத்துக்கு மட்டும்.”

“கைக்கும் வெயிலுதானே அடிக்குது மக்களே” என்றாள் அம்மா. தேய்ப்பதை நிறுத்தவில்லை.