உப்பைத் தாங்கும் நெல்: இயற்கையிடம் எதை வாங்குவது, எதை விடுவது?

மணமேல்குடி வட்டாரம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மழை பொய்த்து, கால்வாய்த் தண்ணீரும் வந்து சேராத ஆண்டில் கடலோர வயல்களில் உப்பு மேலேறும். பயிரின் இலை நுனி கருகும். இப்படிப்பட்ட மண்ணுக்கு நெல் ரகம் உருவாக்குபவர்களுக்குப் பரிணாம உயிரியல் இரண்டு பாடங்களைச் சொல்கிறது.

இயற்கை முடித்துவைத்த வேலை

குழியடிச்சான், களர்பாலை போன்ற தமிழக நெல் ரகங்களும் கேரளத்தின் பொக்காளியும் உப்பைத் தாங்குபவை. தாங்காத பயிர் விதை தராமலே மடிந்தது. தாங்கியதன் விதையை உழவர் அடுத்த போகத்துக்கு எடுத்துவைத்தார். தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தத் தேர்வின் பலன் மரபணுவில் பதிந்திருக்கிறது. வங்கத்தின் நோனா போக்ரா நெல்லில் அப்படியொரு மரபணுவைச் சீன அறிவியலாளர்கள் 2005இல் அடையாளம் கண்டனர். வேர் உறிஞ்சிய சோடியம் இலைக்கு ஏறும் வழியிலேயே அதைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. பொக்காளியில் ‘சால்டால்’ எனப்படும் மரபணுப் பகுதியும் முதலாம் குரோமோசோமில் அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்று அதை வேறு ரகங்களுக்கு இனக்கலப்பு மூலம் மாற்றுகிறார்கள்.

இயற்கை செய்யாத வேலை

ஆனால், பொக்காளி நெட்டைப் பயிர், எளிதில் சாய்ந்துவிடும். பக்கத்துப் பயிரை மறைத்து வெயிலைப் பிடிப்பதுதான் இயற்கைத் தேர்வில் வெல்லும். அந்தப் போட்டியில் மணிக்குப் போக வேண்டிய சத்து தண்டுக்குப் போகிறது. 1966இல் வந்த ஐ.ஆர். 8 குட்டை நெல் இதை மாற்றியது. பீட்டர் ஜென்னிங்ஸும் டி ஜீசஸும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், நெட்டை ரகங்களோடு கலந்து நட்டபோது குட்டை ரகங்கள் நசுங்கின. தனியாக நட்டபோது அவையே கூடுதலாக விளைந்தன. ஒற்றைப் பயிராக வெல்வது வேறு, வயலாகச் சேர்ந்து விளைவது வேறு.

உப்பில் பயிரின் நலனும் உழவரின் நலனும் ஒன்று. அங்கே இயற்கையிடம் கடன் வாங்கலாம். உயரத்தில் அவை முரண்படுகின்றன. அங்கே வளர்ப்பாளர் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். தனிச்செடியின் செழிப்பைப் பார்த்து விதை எடுப்பதைவிட, பாத்தி முழுவதன் மகசூலை அளந்து எடுப்பதே சரி.

இன்னொன்றும் அவசரம். குளிர்பதனக் கிடங்கில் விதை உயிரோடிருக்கும். ஆனால் மாறும் மண்ணுக்கு ஏற்பத் தானும் மாறாது. பாரம்பரிய ரகங்களை உவர் வயலிலேயே பயிரிட்டுக் காக்கும் கடலோர உழவருக்கு அரசு ஊக்கத்தொகை தர வேண்டும். நாளைய ரகத்துக்கான தேர்வு அவர்கள் வயலில்தான் இன்றும் நடக்கிறது.