இரும்புப் பட்டாவிலிருந்து காற்றில்லா டயர் வரை

பச்சைத் தோலும் ஆவாரம்பட்டையும் மாட்டு வண்டியில் வந்த காலத்தில் வேலூர், ஆம்பூர்ப் பக்கம் பஞ்சர் என்ற பேச்சே கிடையாது. கொல்லர் இரும்புப் பட்டாவை வறட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார். நாலு பேர் இடுக்கியால் தூக்கி மரச் சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் கருகிப் புகையும்போதே தண்ணீரைக் கொட்ட, இரும்பு சுருங்கி வட்டையையும் ஆரக்கால்களையும் இறுக்கிக் கவ்விக்கொள்ளும். ஆணியும் முள்ளும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பாதையின் ஒவ்வொரு கல்லும் மாட்டின் கழுத்தில் இடித்தது.

அந்த இடியை வாங்கிக்கொள்ளத்தான் காற்று வந்தது. 1845-இல் ஸ்காட்லாந்தின் ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்ற காற்றுச் சக்கரத்தில் உள்ளே ரப்பர் குழாய், வெளியே தோல் உறை! தோலை நம்பி வாழும் நம் ஊர்ப் பள்ளிகளில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அது அன்று எடுபடவில்லை. 1888-இல் டன்லப் கொண்டுவந்ததே நிலைத்தது. பிறகு இங்கும் டயர் வண்டி வந்தது. அதே மாடுகள் கூடுதல் பாரத்தைச் சிரமமின்றி இழுத்தன.

இன்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் பல வண்டிகளில் இருப்பது டியூப்லெஸ் டயர். ஆணி ஏறினாலும் சட்டென்று இறங்காது. ஆனால் காற்று குறைந்தது தெரியாமல் விரட்டினால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன்களைப் பார்க்கும்போதெல்லாம், வெடிக்கவே வெடிக்காத டயர் வந்துவிடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

மிஷ்லினும் ஜெனரல் மோட்டார்ஸும் 2019-இல் காட்டிய ‘அப்டிஸ்’ அப்படிப்பட்டதுதான். காற்றுக்குப் பதிலாகக் கண்ணாடியிழை கலந்த பிசின் ஆரங்கள் வளைந்து நிமிர்ந்து பாரம் தாங்குகின்றன. ஓயாமல் வளைவதால் வேகத்தில் சூடேறுவதும், இரைச்சலும் அதிர்வும் இவ்வகை டயர்களின் பழைய தலைவலி. இடைவெளியில் சேறும் கல்லும் சிக்கினால் சக்கரம் ஆட்டம் காணும். காலியாகப் போய் முழு லோடோடு திரும்பும் லாரிக்கு இன்னொரு சிக்கல்: பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்க வழியில்லை.

அதனால் நெடுஞ்சாலை லாரியில் இதைத் தொடங்கக் கூடாது. ஆலைக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் பலவற்றில் ஏற்கெனவே கெட்டி ரப்பர் டயர்தான். ஓட்டுபவரின் முதுகுதான் அதற்கு விலை கொடுக்கிறது. வேகம் குறைந்த அந்த இடத்தில் முதலில் வரட்டும். சாலையோரப் பஞ்சர் கடைக்காரர்களையும் இப்போதே நினைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் குமிழி பார்த்து, சுரண்டி, சொல்யூஷன் தடவி ஒட்டும் கைகளுக்கு இந்த டயரில் வேலை இல்லை. ஆரம் முறிந்தால் ஒட்டி ஓட்ட முடியாது. புதுச் சக்கரத்தைச் சோதித்து மாற்றும் பயிற்சியைக் கம்பெனிகள் அவர்களுக்குத்தான் முதலில் தர வேண்டும்.