உஷார்! ‘வீட்டுக்குச் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டுகிறவனிடம்

2024 டிசம்பர் 23ஆம் தேதி இரவு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மதிலுக்கு உள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். நண்பருடன் பேசிக்கொண்டிருந்தவரை ஞானசேகரன் என்பவன் மடக்கினான். நண்பரை அடித்து விரட்டினான். இருவரையும் வீடியோ எடுத்து வைத்திருப்பதாகவும் அதை வெளியே காட்டிவிடுவதாகவும் சொல்லி மிரட்டினான். பக்கத்து நடைபாதையில் பிரியாணிக் கடை போட்டிருந்தவன் அவன். மாநிலத்தின் மிகப் பெயர்பெற்ற வளாகங்களில் ஒன்றில், ஒரு பெண்ணை வாயடைக்க வைக்க ‘காட்டிவிடுவேன்’ என்ற ஒரு சொல் போதும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

அந்தக் கணக்கு பொய்த்தது. மறுநாளே அந்த மாணவி புகார் கொடுத்தார். அவன் கைதானான். 2025 மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவன் மீதான 11 குற்றச்சாட்டுகளும் நிரூபணமாகிவிட்டதாகத் தீர்ப்புச் சொன்னது. ஜூன் 2 அன்று ஆயுள் தண்டனை விதித்தது. 30 ஆண்டுகளுக்கு எந்தத் தண்டனைக் குறைப்பும் கிடையாது, 90,000 ரூபாய் அபராதம். சம்பவம் நடந்து ஐந்து மாதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நம் நீதிமன்றங்களில் இது அரிதான வேகம். மறுநாளே கொடுத்த அந்தப் புகாரிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் இருந்துகொண்டு இதைச் சென்னைச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. காலையில் நம் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து இங்குள்ள ஆறுமுகம் பிள்ளை சீதையம்மாள் கல்லூரிக்குப் போகிறவர்கள், காரைக்குடிக்கு வண்டி ஏறி அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் மற்ற கல்லூரிகளுக்கும் போகிறவர்கள் என்று எத்தனை பெண்பிள்ளைகள்! பலரும் தங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண்கள். இவர்கள் மனதில் ஒரு பயம் எப்போதும் உண்டு: ஏதாவது நடந்தது என்று வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், அவசரமாக மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். மிரட்டுகிறவனுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். அதை நம்பித்தான் அவன் கிட்டே வருகிறான்.

வெளியாள் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைத்துவிடாதீர்கள். நமக்கு அருகிலேயே, அருப்புக்கோட்டையில், 2018இல் நடந்தது நினைவிருக்கும். தேவாங்கர் கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியை நிர்மலா தேவி, தன் மாணவிகளிடமே போனில் பேசி, உயர் அதிகாரிகளுக்கு இணங்கிப்போனால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பேசியவர் ஒரு பெண், அதுவும் ஆசிரியை. அந்த மாணவிகள் மசியவில்லை. அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு வெளியே வந்ததால்தான் விஷயம் மூடி மறைக்கப்படாமல் தப்பியது. எனவே மெசேஜ், வாய்ஸ் நோட், கால் லிஸ்ட் எதையும் அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ‘நேரில் வா, அழித்துவிடுகிறேன்’ என்றால் போகவே போகாதீர்கள்.

பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளும் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. குழுத் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும். குழு அமைக்காத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் கல்லூரிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களால் இப்போது சொல்ல முடியுமா? முடியாவிட்டால் நாளைக்கே நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். பெயர்கள் இல்லையென்றால் அலுவலகத்தில் கேளுங்கள். பிரச்சினை வந்த பிறகு, கை நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

புகாரை எழுத்தில் கொடுங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு ஏற்கலாம். கல்லூரிப் பேருந்தில் நடந்தாலும், கல்விச் சுற்றுலாவில் நடந்தாலும் அது வளாகத்தில் நடந்ததற்குச் சமம். சார் மேல் புகார் கொடுத்தால் இன்டர்னல் மார்க்கில் கைவைத்துவிடுவாரே என்று பயப்படுகிற தங்கச்சிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: விசாரணை நடக்கும்போது அவர் உங்கள் விடைத்தாளைத் திருத்தவோ மதிப்பெண் போடவோ கூடாது என்று தடுக்க விதியிலேயே இடம் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். ‘சமாதானமாகப் போய்விடலாம்’ என்று குழுவே உங்களை நெருக்க முடியாது. சமரசம் என்பது நீங்கள் கேட்டால்தான். பணம் வாங்கி முடிக்கும் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு வார்த்தை. கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மீதான புகாரில், குழு அவசர அவசரமாக விசாரித்ததால் அவருடைய பணிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கு அது. பெயருக்குக் குழு வைத்திருந்தால் புகார் கொடுத்த பெண்கள்தான் முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கும். குழுவுக்குப் பயிற்சி கொடுங்கள். காலேஜ் பெயர் கெட்டுவிடும் என்று புகாரை அமுக்குவதுதான் உண்மையில் பெயரைக் கெடுக்கும் காரியம்.

வன்கொடுமையே நடந்துவிட்டால் இந்தக் குழுவோடு நின்றுவிடாதீர்கள். அது போலீஸ் வழக்கு. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். காரைக்குடியில் நடந்ததைத் திருப்பத்தூரில் எழுதிக் கொடுத்தால், ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அவர்கள்தான் மாற்றி அனுப்ப வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். வழக்குப் பதிய மறுக்கும் அதிகாரிக்குச் சிறைத் தண்டனை உண்டு.

குளிப்பதற்கு முன், உடை மாற்றுவதற்கு முன் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உடை மாற்றியாகிவிட்டது என்றால் பழைய உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். குளித்துவிட்டீர்கள், இரண்டு நாள் ஆகிவிட்டது என்றாலும் போக வேண்டும். கருத்தரிக்காமலும் எச்.ஐ.வி. தொற்றாமலும் காக்கும் மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, முந்தினால் இன்னும் நல்லது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல முடியாது. இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டித்து, அது கூடவே கூடாது என்று உத்தரவிட்டுவிட்டது. அதற்கு யாராவது முயன்றால் மறுத்துவிடுங்கள்.

இனி வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிற நம் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்து, அந்தப் பெண்ணின் அடையாளம் ஊர் ஊராகப் போனது. அந்த எஃப்.ஐ.ஆரின் வாசகங்களையே சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. ‘எந்த ஊர்ப் பொண்ணு, யார் வீட்டுப் பொண்ணு’ என்று கேட்பதை நிறுத்துங்கள். வந்ததை ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

பெற்றோர்களே, உங்கள் கையில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. என்ன நடந்தாலும் படிப்பை நிறுத்தமாட்டோம், முதலில் எங்களிடம் வந்து சொல் என்று மகளிடம் இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவளுக்கே தெரியும் என்று விட்டுவிடாதீர்கள், அவளுக்குத் தெரியாது. அப்பா, அண்ணன், அப்பத்தா எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அவள் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது ‘அங்கே ஏன் போனாய், அவனோடு ஏன் பேசினாய்’ என்று கேட்காதீர்கள். மகனிடமும் பேசுங்கள். வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதோடு விலகிவிட வேண்டும் என்று அவனுக்கு வீட்டில்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் 112. பெண்களுக்கான உதவி எண் 181, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் 1098. போட்டோ, வீடியோ காட்டி மிரட்டினால் 1930. வக்கீல் வைக்க வசதி இல்லை என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எந்தப் பெண்ணும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். போன் பேசும்போது ‘சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர்’ என்று மாவட்டத்தைச் சேர்த்தே சொல்லுங்கள். 2019 முதல் வடக்கே திருப்பத்தூர் என்று ஒரு மாவட்டமே இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் உங்களுக்கு வர வேண்டிய உதவி அங்கே போய்விடலாம்.